தூண்டில் வளைவு வரைக்கும்

மூவாயிரத்து அறுநூறு பல்பு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு,
எண்ணாமல் முடியாது.
வாசல் வளைவுக்கு ஒன்றிலிருந்து நானூறு,
மாடிக் கைப்பிடி அதற்கப்புறம்,
தண்ணீர்த் தொட்டிமேல் நிற்கிற வால்நட்சத்திரம்
கடைசி அறுநூறு.

கடியபட்டணத்தில் இன்று செம்புக் கம்பி இழுத்தால்
பத்தாம் நாள் பச்சை பிடிக்கும்.
கடல் அப்படி.
இணைப்புக்கு இணைப்பு வாஸ்லின் தடவி
சைக்கிள் ட்யூப் வெட்டிச் சுற்றினேன்.
அமலதாஸ் கொச்சிக்குத் தங்கல் போயிருந்தான்.
ரோஷின் ஏணியைப் பிடித்தான்,
ஒரு கையால்.
மறு கையில் பக்கோடா.

பாட்டு ஒன்றுக்கு மூன்று நிமிடம்.
அந்த மூன்று நிமிடத்துக்குப் பதினோரு ராத்திரி.
ட்ரம் விழுகிற இடமெல்லாம் லேப்டாப்பில் கோடு போட்டு
கோட்டுக்குக் கோடு சிவப்பு வைத்து,
குரல்கள் கூடி ஏறும்போது
நீலம் மாடிப்படி ஏற வேண்டும்,
குழந்தை பிறந்த வரியில்
எல்லாம் அணைந்து
குடிலுக்குள் ஒரே ஒரு மஞ்சள்.

முதல் நாள் தெருவில் ஆட்டோ போக வழியில்லை.
மணவாளக்குறிச்சியிலிருந்து பைக்கில் மூன்று மூன்று பேராக வந்தார்கள்.
பங்குச்சாமி ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு பாட்டு பார்த்தார்.
மேரி டார்லிங் அக்கா மட்டும் மின்பெட்டி பக்கம் நின்று,
"பிள்ளே, மீட்டரு இந்த ஓட்டம் ஓடுகே,
ஒனக்கு நெஞ்சு அடிக்கலியா?"

அடித்தது. வேறு காரணத்துக்கு.

ரோஷின் தூண்டில் வளைவுக்குப் போய்த் திரும்பி வந்து சொன்னான்:
"மாமா சொல்லுது, பாட்டும் லைட்டும் சேரலியாம்.
லைட்டு முந்திப் போவுதாம்."

வீட்டை எனக்குச் சீதனமாக எழுதிய நாளிலிருந்து
ததேயு இந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.
ஐந்து வருஷம் கழித்து வந்த முதல் பேச்சு
குற்றம்.
சட்டியை ஓங்கி வைத்தேன். கழுவின சட்டிதான்,
மறுபடி கழுவினேன்.
ஒரு கோடு விடாமல் சரிபார்த்தேன்.
எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு முட்டம் விளக்கு
ஜன்னலில் ஒருதரம் தடவிப் போனபோது
எழுந்து உட்கார்ந்தேன்.
எங்கிருந்து பார்த்தான்?

போனில் மேப்பைத் திறந்து அளந்தேன்.
என் வாசலிலிருந்து வளைவின் கடைசிக் கல்வரை
நானூறு மீட்டர்.
வெளிச்சம் பொசுக்கென்று போய்விடும்.
சத்தம் நடந்துதான் போக வேண்டும்,
மணலில், வள்ளங்களைச் சுற்றிக்கொண்டு.
அவன் பொய் சொல்லவில்லை.
அங்கே உட்கார்ந்தால் அப்படித்தான் தெரியும்.

மறுநாள் கடைசிப் பாட்டை மட்டும் எடுத்து
விளக்கெல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினேன்,
ஆயிரத்து நூற்றைம்பது மில்லிசெகண்ட்.

தெருவுக்குப் பிடிக்கவில்லை.
ட்ரம் அடித்து முடித்த பிறகு சிவப்பு வந்தது.
குழந்தை பிறந்த பிறகும்
நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.
"அக்கா, லேக் ஆவுது," என்றான் ஒரு பையன்.
"ஆவட்டும்."
"கெட்டுப் போச்சு போல," என்று இன்னொருவன்
பைக்கைத் திருப்பினான்.

நான் தெருவைப் பார்க்கவில்லை.
மதில்மேல் ஏறி மேற்கே பார்த்தேன்.
கல்லும் இருட்டும் ஒன்றாகக் கிடந்தன.
அன்றைக்குக் காற்று கடலிலிருந்து வேறு,
முகத்தில் உப்பு.
பாட்டு அங்கே போய்ச் சேர்ந்ததா,
பாதி வழியில் திரும்பி வந்ததா, யாருக்குத் தெரியும்.

பத்தரைக்கு ரோஷின் வந்தான்.
"என்ன சொன்னாரு?"
"ஒண்ணும் சொல்லல."
பாலித்தீன் பையை நீட்டினான்.
நாலு கிழங்கான், ஒன்று இன்னும் வாயைத் திறந்துகொண்டு.

மூன்று ராஜாக்கள் திருநாள்வரை
கடைசிப் பாட்டு பிந்தியேதான் எரிந்தது.
தினமும் யாராவது ஒருவர்
கேட் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.